கொம்பளவு மருந்து

ஒரு மனிதனின் வலது கண்ணைப் பறித்தவன் நான். அந்தப் பழியை வேறொருவர் சுமக்கிறார். அவர் சுமப்பதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இதைப் படிக்கும் உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது. தெரிந்தவர்களிடம் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை… இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது!

ரங்கூனில், பசுந்தாங் என்ற பேட்டையில், எனக்கு ஒரு லேத் பட்டறை உண்டு. தண்ணீர் பம்பின் அச்சு, படகு எஞ்சின் உதிரி, எது உடைந்து வந்தாலும் அதேபோல் ஒன்றைக் கடைந்து கொடுத்துவிடுவேன். ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். அந்த வாய்க்கொழுப்பில்தான் எல்லாம் தொடங்கியது.

கோ லியான் என்பவர் பர்மாவின் மேற்கு மலைகளில் வாழும் சின் இனத்துக்காரர். மிங்கலா தாங்ஞுன்ட்டில் குடியிருந்து பள்ளி வேன் ஓட்டுகிறார். என்னை ‘அக்கோ’ என்பார், பர்மியத்தில் அண்ணன். நாங்கள் பேசிக்கொள்வதும் பர்மியத்தில்தான். நான் அதைத் தமிழில் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்துமசுக்கு ஊர் போகும் நேரம், விரல் நீளத்தில் ஒரு மலையாட்டுக் கொம்பைக் கொண்டுவந்தார். மலையில் அவர் அப்பா விட்டுப்போன வேட்டைத் துப்பாக்கி இருந்தது. ஒவ்வொரு தடவை சுட்டதும் குழலின் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, இடித்துக் கெட்டிக்க வேண்டிய பழைய ரகம். அதற்கு மருந்து அளக்கும் கொம்பு இது. உள்ளே ஒரு கோடு இருந்தது. பறவைக்கு ரவை போட்டால் கோடுவரை மருந்து. பன்றிக்கு ஈயக் குண்டு போட்டால் விளிம்புவரை. அதற்குமேல் ஒரு பொட்டுக்கூடக் கூடாது.

“அந்தத் துப்பாக்கி எவ்வளவு தாங்கும்னு இந்தக் கொம்புக்குத்தான் தெரியும் அக்கோ. இதே அளவுல பித்தளையில ஒண்ணு செஞ்சு குடுங்க. விளிம்பு கோணலா இருக்கேன்னு நேராக்கிடாதீங்க. குழல் தேயத் தேய அப்பா கொஞ்சங் கொஞ்சமா சீவிக் குறைச்சது.”

கேட்டேன். நன்றாகவே கேட்டேன். தெரியாமல் செய்த பிழை என்று நீங்கள் எனக்காக வாதாட இடமே இல்லை.

கொம்பில் அரிசியை நிரப்பி, அந்த அரிசி கொள்ளுமளவு பித்தளையைக் குடைந்திருந்தால் வேலை முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன்? கொம்பை லேத்தில் பொருத்தி இறுக்கினேன். மில்லிமீட்டர் பிசகாமல் அளவெடுக்கப் போகிறேனாம்! காய்ந்த கொம்பு படாரென்று தெறித்தது. விளிம்புப் பக்கம் பொடிப்பொடியாகப் போயிற்று.

அப்போதே போன் செய்து “உடைத்துவிட்டேன்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பசுந்தாங்கில் என் கைக்கு ஒரு பெயர் இருந்தது பாருங்கள்… அந்தப் பெயருக்குப் பயந்தேன்.

நினைவை வைத்துக் கடைய உட்கார்ந்தேன். கோடுவரை ஆழம் தெரிந்தது, விளிம்பின் உயரம் தெரியவில்லை. குறைத்து வைப்பதா, கூட்டி வைப்பதா? மருந்து குறைந்தால் பன்றி தப்பி ஓடும். கோ லியான் நேரே வந்து என்னைக் கேட்பார். கூடினால்? சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்கும், அவ்வளவுதானே… இப்படித்தான் கணக்குப் போட்டேன். துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன், காணாத துப்பாக்கிக்கு மருந்தளவு நிர்ணயித்தேன்! விளிம்பை உயர்த்தியே வைத்தேன். பளபளவென்று மெருகேற்றினேன். கொம்புத் துண்டுகளை ஓடையில் வீசினேன்.

“பழைய கொம்பு எங்க அக்கோ?”

“அது ஏற்கெனவே விரிசல் விட்டிருந்துச்சு. வேலை முடிஞ்சதும் கையிலேயே உதிர்ந்துபோச்சு.”

அவர் முகம் வாடிவிட்டது. அப்பாவின் கைபட்ட பொருள் அல்லவா? “போகட்டும். அளவு சரியா பாத்தீங்கல்ல?”

“அரிசி போட்டு மூணு தடவை பாத்தேன்.”

ஒரு மணிகூடப் போடாத அரிசி!

மலையில் கோ லியான்தான் மருந்து கெட்டித்துக் கொடுத்தார். சுட்டவர் அவர் மனைவியின் தம்பி. குழலின் அடிப்பக்கம் வெடித்தது. அந்த மனிதரின் வலது கண் போயிற்று.

திரும்பி வந்த கோ லியான் என் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டப் போகிறார், அடிக்கக்கூடச் செய்யலாம் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

“அளவு மேல சந்தேகமே இல்ல அக்கோ. நீங்க மூணு தடவை பாத்தீங்க. என் கைதான் குவிச்சுக் கொட்டியிருக்கணும். சர்ச்சுல எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு சொல்லிட்டேன், என் அவசரத்தாலதான் மச்சான் கண்ணு போச்சுன்னு.”

நான் எழுந்து நின்று சொல்ல வேண்டியதை, செய்யாத குற்றத்துக்காக அவர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா?

“ஆமா… அவசரத்துல கை தவறிக் கூடுதலா விழுந்திருக்கும்.”

கொம்பை உடைத்தது கைப்பிழை. பொய் சொன்னது கோழைத்தனம். இது என்ன? இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? வெட்கம் என்ற சொல் எனக்குப் போதவில்லை.

அதற்குப் பிறகு மச்சான் வீட்டார் கோ லியானோடு பேசுவதில்லை. அவர் மனைவி பிறந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு வீடும் சேர்ந்துவிடும். ஒவ்வொரு முறை வேன் வந்து நிற்கும்போதும் அந்த வார்த்தை தொண்டைவரை வரும். அதை விழுங்கிவிட்டு, பிரேக் எப்படி இருக்கிறது என்று கேட்பேன்.

போன மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். நானும் என் மனைவியும் போயிருந்தோம். மண்டபத்தில் முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

“என்னங்க, பொண்ணோட தாய்மாமனக் காணோமே?” என்றாள் என் மனைவி.

சின் மக்களிடமும் தாய்மாமனுக்கு நம்மைப்போலத் தனி மரியாதை உண்டு. கோ லியான் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்தார்.

“மச்சான் வரமாட்டேன்னுட்டார் அக்கோ. சம்பந்தி வீட்டுக்கு முன்னாடி அந்த இடம் காலியா கிடந்தா எனக்குத் தலைகுனிவு. உங்க வழக்கத்துலயும் தாய்மாமன் உண்டுல்ல? நீங்க வந்து உக்காருங்க.”

மறுத்திருக்கலாம். மறுத்தால் ஏனென்று கேட்பாரே… போய் உட்கார்ந்தேன். என்னால் கண்ணிழந்தவனுடைய நாற்காலியில், எல்லோரும் பார்க்க உட்கார்ந்தேன்! மணப்பெண் வந்து என் தோளில் நெய்த சால்வை ஒன்றைப் போர்த்திக் குனிந்து வணங்கினாள். அவளுடைய அம்மா எதிரே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பியை நினைத்திருப்பாள். பிறகு சோறும் கறியும் பரிமாறினார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டேன். அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

நேற்று கோ லியான் போன் செய்தார்.

“அக்கோ, அன்னிக்கு நீங்க உக்காராட்டி என் மானமே போயிருக்கும். இந்த நன்றிய எப்பவும் மறக்க மாட்டேன்.”

“அதுக்கென்ன,” என்றேன். “நம்ம வீட்டுப் பொண்ணுதானே.”