நான் சொன்ன 'நா'

செத்தவர்களைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்வேன். என் தாய்மாமா மண்ணுக்குள் போய் இத்தனை வருஷமாகியும், லெந்து நாட்கள், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள், தொடங்கினால் எனக்கு முதலில் வருவது ஜெபமல்ல, அவர்மேல் கோபம்தான். அந்த நாற்பது நாளில் கோபத்தையும் விட்டுவிட வேண்டுமாம். இனிப்பை விட்டிருக்கிறேன், மீனை விட்டிருக்கிறேன், ஒரு வருஷம் வெற்றிலையைக்கூட விட்டேன். இதை மட்டும் விட முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. கல்கத்தாவில் டிராம் வண்டிக்குக் குதிரையை அவிழ்த்துவிட்டு மின்சாரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். ஒரு வங்காளி வீட்டு மாடியில் எங்கள் குடித்தனம். கீழே வீட்டுக்கார அம்மாள். அவரை நான் மாசிமா என்பேன். நம் ஊரில் சித்தி என்கிற மாதிரி. அந்த வீட்டுப் பிள்ளைகளோடு முற்றத்தில் ஆடி ஆடி எனக்குத் தமிழைவிட வங்காளமே நாக்கு நுனியில் நின்றது. அப்பாவுக்கு அது ஆகாது. "மாடிப்படி ஏறும்போதே அந்தப் பாஷயக் கீழ வச்சுட்டு வரணும்" என்பார். பாஷை என்ன செருப்பா, கழற்றி வைக்க? அழுகையோ கோபமோ வந்துவிட்டால் எனக்கு வங்காளம்தான் வரும். பத்து வருஷம் அந்த ஊரில் இருந்தும் அப்பா அந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு மீன் விலை கேட்கிற அளவுக்குத் தெரியும்.

மாமா அம்மாவின் தம்பி. வேலை தேடி வந்து ஒரு வருஷமாக எங்களோடு இருந்தார். பகலெல்லாம் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியதில் வேலை வரவில்லை. வங்காளம் மட்டும் மளமளவென்று வந்துவிட்டது. பால்காரனிடமும் வண்டிக்காரனிடமும் எங்கள் வீட்டுக்காக அவர்தான் பேசுவார். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டும். அவருக்கு நல்ல குரல், வேத வசனமெல்லாம் தலைகீழ்ப் பாடம். நாங்கள் பத்துத் தமிழ்க் குடும்பங்கள், வங்காளிக் கிறிஸ்தவர்களின் கோயில் ஒன்றை ஞாயிறு மத்தியானம் இரவல் வாங்கி ஆராதனை நடத்தினோம். எங்கள் ஐயர், அதாவது போதகர், மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வெளியூரிலிருந்து வருவார். மற்ற ஞாயிறுகளில் மாமாதான் பிரசங்கம்.

அந்த லெந்தில் அவர் பிடித்துக்கொண்ட பொருள் சோதனை. காலையில் குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்தால் சோதனை, ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் சோதனை. "சோதனை வாசல்ல வந்து நின்னு கூப்பிடும். கூப்பிடட்டும். கண்ணு பாத்துட்டுப் போகட்டும், மூக்கு மோந்துட்டுப் போகட்டும். கை ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டேன்னு வையி, நீ செயிச்ச" என்று எழுந்து நின்று கட்டியும் காட்டுவார். அவர் ஒருநேரச் சாப்பாடு என்று ஆண்டவருக்கு நேர்ந்து பொருத்தனை பண்ணியிருந்தார். அம்மா மத்தியானச் சோற்றைப் போட்டுவைத்துக் கெஞ்சினாலும் தொடமாட்டார். எனக்கு அவரைப் பார்த்தால் தீர்க்கதரிசியைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

நானும் பொருத்தனை பண்ணினேன். இனிப்பு தொடுவதில்லை. கல்கத்தாவில், அதுவும் மாசிமா வீட்டுக்கு மேலே குடியிருந்துகொண்டு! சும்மா ஒன்றும் பண்ணவில்லை. லெந்து முழுக்கப் பொருத்தனையைக் காத்த பிள்ளைக்குத்தான் குருத்தோலை ஞாயிறன்று பவனியில் முதல் ஓலை. எல்லாருக்கும் முன்னால் அந்தப் பிள்ளை ஓலையைத் தூக்கிப் பிடித்து நடக்க, பின்னால் பெரியவர்களெல்லாம் பாடிக்கொண்டு வருவார்கள். அம்மா எனக்கு வெள்ளைப் பாவாடையே தைத்து வைத்துவிட்டாள்.

அந்த வருஷம் லெந்து சீக்கிரமே வந்துவிட்டது, குளிர் இன்னும் போகவில்லை. பதினாறாம் நாள் மாசிமா தன் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் ஒரு மண்சட்டி நிறைய சந்தேஷ் என்கிற பால் இனிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். குளிர்காலத்து ஈச்சம் வெல்லம் போட்டுக் கிண்டியது, பழுப்பு நிறம், சங்கு அச்சில் வார்த்தது. சாமிக்குப் படைத்ததில்லையே என்று அப்பா மாமாவை விட்டு இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு இருந்தன. ஞாயிறன்று ஐயர் வருவதால் அவருக்கு என்று அம்மா கம்பிவலை அலமாரியில் வைத்துப் பூட்டாமல் சாத்தினாள். பூட்டாமல்! எங்கள் பேரில் அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் மத்தியானம் அம்மா கீழே போயிருந்தாள். நான் அலமாரியைத் திறந்தேன். ஆமாம், திறந்தேன், அதை மறைக்கவில்லை. சட்டியின் மேல் மூடியிருந்த இலையையும் தூக்கினேன். அந்த வாசத்தை என்னவென்று சொல்ல! வாயில் ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு, மாமா சொன்ன மாதிரியே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். சாத்தானைப் போ என்று சொன்னேன். அவனுக்குத் தமிழ் தெரியுமோ தெரியாதோ என்று வங்காளத்திலும் ஒரு தரம் சொன்னேன். பிறகு இலையை மூடி, கதவைச் சாத்தி, ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டேன். அழுகை அழுகையாக வந்தது. ஆனால் செயித்துவிட்டேன். என் ஆயுசில் அதைவிடப் பெரிய சோதனையை நான் செயித்ததில்லை. அதைப் பார்த்த ஒரு சாட்சி கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா சட்டியைத் திறந்தால் ஏழுதான் இருந்தன. எறும்பின் தலையில் போட வழியில்லை; அலமாரியின் நாலு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றன. அப்பா பிரம்பை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் மாமா, மடியில் வேதப் புத்தகத்தோடு.

"ஏட்டி, இங்க வா. உள்ளதச் சொல்லு. யாரு தின்னது? நீயா?"

அவ்வளவுதான். பதினெட்டு நாள் நோன்பு, கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிற்பு, எல்லாம் ஒன்றாகப் பொங்கி வந்தது. வந்ததா தமிழில்? வங்காளத்தில் வந்தது. அந்தப் பாஷையில் 'நா' என்றால் இல்லை. 'ஆமி' என்றால் நான். "நா! ஆமி நா!" என்று கத்தினேன். இல்லை, நான் இல்லை என்று அர்த்தம். அப்பாவின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.

"நான், ஆமா, நான்ங்கா" என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து.

மாமா சட்டென்று எழுந்து வந்து என் தலையில் கையை வைத்தார். "பாத்தீங்களா அத்தான்! பிள்ள மறைக்கல பாத்தீங்களா! ஒத்துக்கிட்ட பிள்ளைய அடிக்கப்படாது" என்றார்.

அப்பா பிரம்பைக் கீழே வைத்துவிட்டார். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. என்ன ஒத்துக்கொண்டேன்? அது விளங்குவதற்குள் அம்மா என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி விடு, சின்னப்பிள்ளதான, ஆசப்பட்டுட்டு" என்று கண்ணைத் துடைத்தாள். நான் திமிறிக்கொண்டு எழுந்தேன்.

"நான் 'நா'ன்னு சொல்லலப்பா! 'நா'ன்னுதான் சொன்னேன்!"

சிரிக்காதீர்கள். அதற்குமேல் எட்டு வயதுப் பிள்ளை எப்படி விளக்கும்? அப்பா முகம் சிவந்துவிட்டது. "ஒத்துக்கிட்டு மாத்திப் பேசுனா, தின்னதவிட அதுதான் பெரிய பாவம். வாயத் தொறக்கப்படாது" என்றார். அந்த வீட்டில் 'நா' என்றால் என்னவென்று தெரிந்த பெரிய ஆள் ஒருவர் இருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் வேதப் புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஐயர் வந்து மீதி ஏழையும் ரசித்துச் சாப்பிட்டார். அவருக்குப் பொருத்தனை ஒன்றும் இல்லைபோலும்.

அடுத்த ஞாயிறுதான் அநியாயத்தின் உச்சம். மாமா பிரசங்கத்துக்கு ஏறினார். பொருள் என்ன? சோதனையில் விழுந்த ஒரு சிறுபிள்ளை! பெயர் சொல்லவில்லை. பத்துக் குடும்பத்துக்குள் பெயர் வேறு சொல்ல வேண்டுமா? அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

"அந்தப் பிள்ளைக்குப் பசி. சட்டிய மூடியிருந்த எலையத் தூக்குனா குப்புனு வருது வாசம். பதனீ காய்ச்சுத வாசம். ஊரு, வெளை, அம்மா கருப்பட்டி ஊத்துன செரட்ட, எல்லாம் கண்ணுல வந்துட்டு. ஒண்ணே ஒண்ணுன்னுதான் எடுத்தது. கதவுக்குப் பின்னால நின்னு மெல்லாம முழுங்குச்சி. மூணாவதுல ருசியே இல்ல. நாலாவதையும் அஞ்சாவதையும் ஏன் தின்னோம்னே தெரியல. தின்னுட்டு அந்தக் கையால வேதத்தத் தொட முடியல..."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பெண்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பதனீரா? நான் பிறந்ததே கல்கத்தாவில்! பனைமரத்து விளையையும் நான் பார்த்ததில்லை, கருப்பட்டி ஊற்றும் சிரட்டையையும் பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னால் நான் எப்போது நின்றேன்? பொய் சொல்வதுதான் சொல்கிறார், பொருந்தச் சொல்ல வேண்டாமா என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான் போயிற்று.

கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கம் வந்த புதிதில் ஒரு நாள் விளைவழியே போகும்போது யாரோ பதனீர் காய்ச்சினார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியது. அச்சு அசல் மாசிமாவின் சட்டி. "அடப்பாவி மனுஷா!" என்று நடுவழியில் நின்றுவிட்டேன். கூட வந்தவர்கள் முள் குத்திவிட்டதோ என்று குனிந்து பார்த்தார்கள். அவர் அன்று சொன்னது பிரசங்கம் இல்லை, சாட்சி. மத்தியானச் சோறு ஏன் வேண்டாம் என்றார் என்பதும் அன்றுதான் புரிந்தது. வேலை கிடைக்காதவனுக்கு அக்கா வீட்டுச் சோறு இரண்டு வேளை இறங்காது. எல்லாம் சரி. நானும் அவருக்காக அழுதேன். ஆனால் கேட்கிறேன்: பசி அவருடையது, பாவம் அவருடையது, கண்ணீரும் அவருடையது. பெயர் மட்டும் என்னுடையதா? எட்டு வயதுப் பிள்ளை கட்டிக் காத்த நோன்பை எடுத்துத் தன் வெட்கத்துக்குப் போர்வையாகப் போட்டுக்கொள்ளலாமா? இதற்கு எந்த வேதத்தில் இடம் இருக்கிறது?

அந்த வருஷக் குருத்தோலை ஞாயிறும் வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் சாந்த்ராகாச்சிப் பக்கமிருந்து யாரோ ஈச்ச ஓலை வெட்டிக் கட்டாகக் கொண்டுவந்தார்கள். முதல் ஓலை எங்கள் சபையிலிருந்த அச்சாபீஸ்காரர் மகளுக்குப் போயிற்று. அவள் அதே லெந்தில் தெருமுனைக் கடையில் பதாசா என்கிற சர்க்கரை மிட்டாயை வாங்கி நொறுக்கியதை இந்தக் கண்ணால் பார்த்தவள் நான். சொன்னால் யார் கேட்பார்கள்? வெள்ளைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வரிசையில் கடைசியாக நடந்தேன்.

முன்னால் பாட்டு தட்டுத் தடுமாறியது. எடுத்துக் கொடுக்க வேண்டிய மாமாவின் குரலைக் காணோம். திரும்பிப் பார்த்தால், எனக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தார். கையில் ஓலை இல்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தார். கடைசி இடத்தில்கூட என்னைத் தனியாக விடமாட்டாரா, இங்கேயும் காவலுக்கு வந்துவிட்டாரா என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நின்றேன். ஒவ்வோர் எழுத்தாக, நல்ல தமிழில் சொன்னேன்.

"நான் திங்கல, மாமா."

"தெரியும்ட்டி" என்றார்.

கேலி பண்ணுகிறார் என்று நினைத்தேன். கையிலிருந்த ஓலையால் அவர் முழங்காலில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். ஈச்ச ஓலையின் நுனி முள்ளாகக் குத்தும். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை, கையையும் அவிழ்க்கவில்லை. இன்னும் அடி என்பதுபோல் அப்படியே நின்றார். இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வரிசை தூரமாகப் போய்விட்டதே என்று பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.