துபாய்க் குரலைக் கேட்டு விழுந்த அடி

“…அவன் பேச்சைக் கேட்டு என் ஆளு பல்லை ஒடைச்சுட்டேன். இங்க வந்தா மட்டை உரிக்கிற பாரையாலயே குத்திச் சாய்ச்சிடுவேன்னு சொல்லுங்க அந்தப் பாய்கிட்ட,” என்றார் மேஸ்திரி. நான் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. ரிசீவர் என் கையில்தான் இருந்தது. துபாயில் பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேராவூரணியில் எங்கள் தேங்காய்க் களத்துக்கு வெளிநாட்டு போன் வந்த புதிது. நாங்கள் கண்டெய்னரில் காய் ஏற்றி அனுப்புவோம், பாய் அங்கே இறக்கி விற்பார். களத்தில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. போன் எடுப்பது என் வேலை.

முந்தின வாரம் பாய் கூப்பிட்டு, பாதிக் காய் அழுகல், தரம் பிரிக்கிற ஆள் சரியில்லை என்றார். அதை அப்படியே மேஸ்திரியிடம் சொன்னேன். “கோவம் வந்தா என் கை முன்னாடி போயிடும், நான் பின்னாடி மெதுவா நடந்து வருவேன்” என்று தன்னைப் பற்றி அவரே சொல்வார். அன்றும் கைதான் முன்னால் போனது. தரம் பிரிப்பவர் குனிந்து, காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை மட்டை அவர் பிடரியில் இறங்கியது. என்ன ஏது என்று திரும்பியவருக்கு வாயில் விழுந்தது அடுத்த அடி. ரத்தத்தோடு பல்லைத் துப்பினார். கீழே விழுந்த பிறகும் உதை நிற்கவில்லை. நாலு பேர் சேர்ந்துதான் மேஸ்திரியை இழுக்க முடிந்தது.

இன்றைக்குப் பாய் கூப்பிட்டது வேறு சேதி சொல்ல. கண்டெய்னர் துறைமுகத்து வெயிலில் கிடந்து காய் வெந்துபோயிருக்கிறதாம், ஆள்மேல் தப்பில்லையாம்.

அதைச் சொன்னதும்தான் மேஸ்திரி அப்படிக் கத்தினார். கத்தி முடித்ததும், அடி வாங்கினவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார் பாய், மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அவரும் அங்கேதான் நின்றார். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதென்று முடிவுசெய்து, களத்தில் கிடந்த துணிமணிகளை எடுத்துப் போக வந்திருந்தார். ரிசீவரை நீட்டினேன். வாங்கவில்லை.

“அவருக்கு என்னையத் தெரியாதுங்க. நம்பாதது தப்பில்ல.” வீங்கிய உதட்டோடு மேஸ்திரி பக்கம் திரும்பினார். “ஒங்களுக்குமாண்ணே தெரியாது? ஒரே சட்டியில சோறு தின்னோமே.”

ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. தரம் பிரிப்பவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். “போகாதடா” என்று மேஸ்திரி பின்னாலேயே ஓடி, வார் அறுந்து போகும்படி அந்தப் பையைப் பிடுங்கி, களத்துக் கிணற்றில் வீசினார்.