பீரோவுக்குப் போட்ட பிரேஸ்

வளைவு ஆறு டிகிரி கூடியிருந்தது. எக்ஸ்ரேவை மாட்டிவிட்டு டாக்டர் முதலில் பார்த்தது என்னைத்தான்.

ஆர்.எஸ்.புரத்தில் ஓர் எலும்பு கிளினிக். முதுகு வளைவுக்கு, உடம்பைச் சுற்றி மாட்டுகிற பிளாஸ்டிக் பிரேஸ் செய்வது என் வேலை. எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஸ்ட்ராப்புக்கு ஒரு ரிவெட் அடித்தாலும், சரியாக அடித்தோமா என்று இரவில் சோறு இறங்காது.

பெண்ணுக்குப் பதின்மூன்று வயது, பொள்ளாச்சி. பள்ளி முகாமில் குனியச் சொன்னபோது ஒரு பக்க முதுகு மேடாகத் தெரிந்ததாம். நாலு மாதம் முன்பு நான்தான் மாவுக்கட்டில் அச்செடுத்து பிரேஸ் செய்தேன். வளர்கிற வயதில் வளைவு கூடாமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை.

“ஏப்பா, பேடைத் தப்பான எடத்துல வெச்சுப்போட்டியா? இன்னும் ஏறுனா ஆபரேஷன்தான்” என்றார் டாக்டர்.

“நாங்க தெனமும் இருபது மணி நேரம் போட்டு உடறோமுங்க” என்றார் பெண்ணின் அப்பா, கொப்பரை வியாபாரி. “சாமான் சரியில்லீங்க.”

அவள் கழற்றித் தந்த பிரேஸை, இருவரும் பார்த்து நிற்க, ஒர்க்‌ஷாப்பில் வைத்து அளந்தேன். வளைவை அழுத்திப் பிடிக்கும் பேட் சரியான இடத்தில் இருந்தது. நம்பாமல் மூன்று தடவை அளந்தேன். அப்போதுதான் மூக்கில் ஏறியது அந்துருண்டை வாசம். வெல்க்ரோவில் துணியின் நூல் பிசிறு ஒன்றுகூட ஒட்டியிருக்கவில்லை. நாலு மாதம் வெயிலில் போட்ட பிரேஸ் அவ்வளவு பரிசுத்தமாக இருக்காது.

“அம்மணி, இது ஊட்டுல எங்க இருக்கும்?”

“பீரோவுலீங்ணா. அம்மாவோட பட்டுச்சீலைக்கு மேல. செக்கப்புக்கு வர்றன்னிக்கு மட்டும் எடுப்பாங்க.”

அப்பா குரலைத் தாழ்த்தினார். “சொந்தக்காரங்க பார்த்தா நாளைக்கு எவனுங்க பொண்ணு கேட்டு வருவான்?”

ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு, எங்கேயோ கோலி விளையாடிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளையை நினைத்துக் கவலை. என் பயம் போய்க் கோபம் வந்தது.

“ஏனுங்க, உங்க பீரோவுக்கு முதுகு நேராத்தானுங்க நிக்குது. இதைப் புள்ளைக்குப் போட்டு உடுங்க.”

பெண் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த செக்கப்பில் பிரேஸைக் கழற்றியதும் வியர்வை நாற்றம் ஆளைத் தூக்கியது. வெல்க்ரோ நிறைய நூல். ஓரத்தில் தோழிகள் மார்க்கரில் பெயர் எழுதியிருந்தார்கள்.

“மாமா வந்து என்னதுன்னு கேட்டாருங்ணா. அப்பாவே சொல்லிப்போட்டாரு” என்றாள்.

டிகிரி கூடவில்லை. பீரோ தின்ற அந்த ஆறு மட்டும் திரும்பவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் டேப்பை எடுக்குமுன் பிரேஸை மோந்து பாருங்கள். நாறினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும்.