பிள்ளை இல்லாத வீட்டுக்கும் மிட்வைப் போவாள்

தேயிலைத் தோட்டத்து மிட்வைப் வேலை, அதாவது மருத்துவச்சி வேலை, பாதி வைத்தியம், மீதி படியேற்றம். இலங்கையில் மடுல்சீமைப் பக்கம் தோட்டத்தின் ஒரு டிவிஷனிலாவது வேலை பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தொழிலாளர்கள் குடியிருக்கும் எந்த லயத்துக்குப் போனாலும் முதலில் நாய் வரும், அப்புறம் பிளேன் டீ வரும், கடைசியில்தான் கர்ப்பிணி வருவாள். பிள்ளை பிறந்த வீடுகளைப் பற்றிச் சொல்ல நம் எல்லோரிடமும் கதை இருக்கிறது. பிறந்து தங்காத வீட்டைப் பற்றித்தான் நாம் வாய் திறப்பதில்லை. அப்படி ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

இன்னைக்குக் கிளினிக்தானே

யோகா என்று நாங்கள் கூப்பிடும் யோகேஸ்வரிக்கு அது முதல் பிள்ளை. மேல் டிவிஷன் லயத்தில் அவளும் புருஷன் சந்திரனும் சந்திரனின் அக்கா ராசம்மாவும் இருந்தார்கள். மூன்று பேரும் தோட்டத்தில் வேலை. மாதம் நிறையக் கொஞ்ச நாளே இருந்தபோது கிளினிக்குக்கு வந்தவள், தன் முறை வரும்வரை வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

படுக்க வைத்து, வயிற்றில் குழலை வைத்துக் கேட்டேன். இடம் மாற்றிக் கேட்டேன். வெளியே பெண்கள் சத்தமாகப் பேசுகிறார்கள் என்று கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் கேட்டேன். "பிள்ளை கடைசியா எப்பம்மா துடிச்சிச்சு?" என்றேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நேத்துலேருந்தே கொறைச்சலாத்தான் இருந்துச்சு மிஸ்ஸி. இன்னைக்குக் கிளினிக்தானே, உங்கக்கிட்டயே கேட்டுக்குவோம்னு இருந்துட்டேன்."

தமிழில் சொல்ல வேண்டியது

தோட்டத்து வாகனத்தில் அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சந்திரனோடும் ராசம்மாவோடும் நானும் கூடப் போனேன். ஸ்கேன் எடுத்த டாக்டர் இளவயதுப் பெண். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, யோகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். யோகா என் முகத்தைப் பார்த்தாள். இனி நான்தான் சொல்ல வேண்டும். படிப்பில் இதற்கென்று வார்த்தைகள் சொல்லித் தந்திருந்தார்கள். அவற்றை விட்டுவிட்டேன். "பிள்ளையோட நெஞ்சுத்துடிப்பு நின்னுருச்சும்மா. ஆனா நீ பெத்துத்தான் ஆகணும்" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கண்ணை மூடித் திறந்தாள். "பெக்கத்தானே இருந்தேன். வலி வர்ற மருந்தக் குடுக்கச் சொல்லுங்க. நீங்க மட்டும் போயிறாதீங்க மிஸ்ஸி."

மூக்கு

பொம்பளைப் பிள்ளை. தொப்புள்கொடியில் முடிச்சு விழுந்து இறுகியிருந்தது. முன்னாடியே வந்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியுமா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

ராசம்மா என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள். "அவ கண்ணுல காட்டாம எடுத்துட்டுப் போயிருவோம் மிஸ்ஸி. பாத்துட்டா மறக்க மாட்டா." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளும் ஒரு பிள்ளையை இப்படிப் பறிகொடுத்தவள்தான், அதன் முகத்தை அவளுக்கும் யாரும் காட்டியதில்லை. நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து யோகாவின் குரல் வந்தது: "மறக்கறதுக்கா பத்து மாசம் சொமந்தேன்? குடுங்க இங்க."

துணியில் சுற்றிக் கொடுத்தோம். விரல்களைப் பிரித்துப் பார்த்தாள், நெற்றியைத் தடவினாள். ராசம்மா வாசலிலேயே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யோகா தலை நிமிராமல் கூப்பிட்டாள்: "மூக்கு உங்களோடது அண்ணி. வந்து பாருங்க."

சின்னதே போதும்

பிறக்கும் முன்னால் பிள்ளைக்குத் துணி வாங்கி வைக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அதனால் உடுத்தி அடக்கம் செய்ய ஒரு சட்டை வாங்க சந்திரனும் நானும் பதுளை பஜாருக்குப் போனோம். துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எல்லோரும் நாநா என்று கூப்பிடுகிறவர், பிறந்த பிள்ளைக்குச் சட்டை கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பாக, "மாஷா அல்லாஹ்! என்ன புள்ள?" என்றார்.

"பொம்பளைப் பிள்ளைங்க" என்றான் சந்திரன். அவர் சட்டை சட்டையாக எடுத்துப் போட்டார். வளர்கிற பிள்ளை, ஒரு அளவு பெரிதாகவே எடுங்கள் என்றார். "இல்லீங்க, சின்னதே போதும்" என்று வெள்ளையில் ஒன்றைச் சந்திரன் எடுத்தான். பொட்டலத்துக்குள் ஒரு பேபி சோப்பையும் போட்டு, இது என் அன்பளிப்பு என்று கொடுத்தார் நாநா.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது நான் கேட்டேன், அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்று. சந்திரன் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்திருந்தான். "எம் மக பொறந்ததுக்கு அவர் ஒருத்தராவது சந்தோஷப்பட்டாரே மிஸ்ஸி. அது அப்படியே இருக்கட்டும்."

பால்

யோகா வீடு திரும்பிய கொஞ்ச நாளில் அவளைப் பார்க்கப் போனேன். வாசலில் ராசம்மா. "நிறுக்கறதுக்குப் பிள்ளை இல்லியே, எதுக்கு மிஸ்ஸி இந்த மேடேறி வந்தீங்க?" என்றாள். "பெத்தவ இருக்காளே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன்.

நல்லவேளை போனேன். மார்பு இரண்டும் கல்லாகக் கட்டி, காய்ச்சல் தொடங்கியிருந்தது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஈரத்துணி வைத்தேன், மாத்திரை கொடுத்தேன், அன்றைக்கே டாக்டரிடம் காட்டச் சந்திரனோடு அவளை அனுப்பினேன். ஆஸ்பத்திரியில் அழாதவள், ஈரத்துணி வைத்தபோதுதான் அழுதாள். அழுதுகொண்டே கேட்டாள்: "இது யாருக்குன்னு மிஸ்ஸி சொரக்குது?"

பெரட்டுக் களத்தில்

காய்ச்சல் விட்டதும் கங்காணியிடமிருந்து தகவல் வந்தது. பிள்ளைதான் இல்லையே, நாளைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து வேலைக்குப் பேர் கொடுக்கச் சொல்லி. யோகாவால் நிமிர்ந்து நடக்கக்கூட முடியவில்லை. மறுநாள் எல்லோரும் கூடுகிற பெரட்டுக் களத்துக்கு அவளுக்குப் பதிலாக நான் போய் நின்றேன்.

"பிள்ளை இல்லாதவளுக்கு என்னா பிள்ளைப்பேத்து லீவு?" என்றார் கங்காணி.

"பிள்ளை தங்கலைன்னாலும் சட்டத்துல லீவு இருக்குங்க. சந்தேகமா இருந்தா வாங்க, ஆபீஸ்ல தொரைக்கிட்டயே கேட்ருவோம்."

அவர் ஆபீஸ் பக்கம் நகரவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. நின்றவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அப்போது வரிசையிலிருந்து ராசம்மா முன்னால் வந்தாள். அவள் குரல் அந்த மலைக்கே கேட்டிருக்கும்: "எம் பிள்ளை போனப்ப மறு வாரமே நான் கூடையைத் தூக்குனேன், எனக்காக ஒரு நாதி பேசல. இவ தூக்க மாட்டா கங்காணி, எழுதிக்கிங்க."

கங்காணி எழுதிக்கொண்டார்.

ஒண்ணுமில்ல

லீவு முடிந்து யோகா வேலைக்குத் திரும்பிய பிறகு, ஒரு கிளினிக் நாளில் வந்து நின்றாள். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வரிசையில் இருப்பவர்களிடம் பேச வேண்டும் என்றாள். பெரிய வயிற்றோடு உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகளுக்கு முன்னால் போய் நின்று, "பிள்ளை துடிக்கிறது கொறைஞ்சா அன்னைக்கே கெளம்புங்க. நாளைக்குக் கிளினிக்னு வீட்ல இருக்காதீங்க. நான் இருந்தேன்" என்றாள்.  பின்வரிசையில் புஷ்பம் என்ற பெண் எழுந்து, "மிஸ்ஸி, எனக்குக் காலைலேருந்து..." என்று இழுத்தாள். என் குழலில் துடிப்பு கேட்டது. ஆனாலும் அவளை உடனே பதுளைக்கு அனுப்பினேன்.

மறுநாள் புஷ்பம் திரும்பி வந்தாள், கோபமாக. பிள்ளை நன்றாக இருக்கிறதாம். பஸ்ஸில் குலுங்கி, இடுப்பு வலித்து, ராத்திரித் தூக்கமும் போனதாம். "ஒண்ணுமே இல்லியாம் மிஸ்ஸி, சும்மா அலைய விட்டுட்டீங்க" என்றாள். அந்த வழியாகக் கொழுந்துக் கூடையோடு போய்க்கொண்டிருந்த யோகா நின்று திரும்பினாள்: "ஒண்ணுமில்லன்னு கேக்கத்தான்டி போன. நாளைக்குச் சந்தேகம் வந்தா நாளைக்கும் போ."

இப்போதெல்லாம் எங்கள் டிவிஷனில் கர்ப்பிணிகள் டாக்டருக்குப் பயப்படுவதில்லை, எனக்குச் சுத்தமாகப் பயப்படுவதில்லை, யோகாவுக்கு மட்டும்தான் பயப்படுகிறார்கள், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.