துணி போர்த்திய கறிவேப்பிலை

இயற்கை உணவைப் பற்றி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு, வாசல் கறிவேப்பிலைக்குத் திருட்டுத்தனமாகப் பூச்சிமருந்து அடித்தவன் நான்.

மறுநாள் எங்கள் சுவா சூ காங் அடுக்குமாடி புளோக்குக்குக் கொசுப்புகை அடிக்க ஒருவர் வந்தார். முகமூடிக்கு மேல் நரைத்த புருவங்கள். புகைக்கு முன் வழியிலிருந்த செடிகளையெல்லாம் பழைய துணிகளால் மூடிக்கொண்டே வந்தவர், என் கறிவேப்பிலையிடம் நின்றார்.

“ஊர்ல எம்பொண்ணும் உங்கள மாதிரியே வீட்டுல மருந்தில்லாம இதத்தான் வளக்குறா சார். மூணு வருஷமா அவளையும் செடியையும் போட்டோலதான் பாக்குறேன். ஒரு கொத்து குடுங்களேன், குழம்புல போட்டுக்கிறேன்.”

“இன்னும் கொஞ்சம் வளரட்டுமே,” என்றேன்.

முகமூடியை இறக்கி இலையை முகர்ந்தார். “சரிங்க சார்,” என்று சிரித்து, என் செடிக்கு மட்டும் இரண்டு துணி போர்த்தினார்.

அடுத்த முறை வேறொருவர் வந்தார். பழையவருக்காக மருந்தே காட்டாமல் வளர்த்த கொத்து என் கையிலேயே வாடியது.

எல்லாவற்றையும் கவனித்திருந்த மனைவி சொன்னாள்: “நீங்க மருந்தடிச்சது மோந்ததுமே அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அவரு வேலையே அதுதானே லா.”