கொல்லைக்குப் பிளீச்சிங் பவுடர்

ஏழாம் வகுப்பில் நான் பாக்டீரியாக்கள் மீது போர் தொடுத்தேன். அதில் ஜெயித்ததுதான் பிரச்சினை.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டுக் கொல்லை இருந்தது. வானம் பார்த்த வேர்க்கடலை. அப்பா கம்பெனியில் ஷிப்டு பார்த்ததால் கொல்லைக்கு முதலாளி, மேஸ்திரி, கூலியாள் எல்லாம் அம்மாதான். கோடையில் ஆந்திரப் பக்கமிருந்து வரும் மந்தைக்காரரை மறித்து, கொல்லையில் ஆடுகளை அடைக்கச் சொல்வாள். புழுக்கையும் மூத்திரமும்தான் எங்களுக்கு உரம்.

அந்த வருடம் பங்குனிக்கு முன்பே மண் அப்பளமாகக் காய்ந்துவிட்டது.

"மழை இல்லாத வருசம்க்கா. மூணு நாளைக்கு மேல அடைச்சா மண்ணு வெந்துபூடும்" என்றார் மந்தைக்காரர்.

"மண்ணு இன்னா இட்லியா நைனா, வேகறதுக்கு? அஞ்சு நாள் அடை."

அடைத்தார். அம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர் ஊரில் இல்லை. அப்பா முயன்றதுகூட இல்லை.

அதே வாரம் பள்ளியில் பாக்டீரியா பாடம். காலரா, டைபாய்டு, காசநோய், எல்லாம் படத்தோடு. கொல்லை முழுக்கக் கிடந்த புழுக்கையைப் பார்த்ததும் எங்கள் குடும்பம் பிழைக்காது என்று தெரிந்துவிட்டது. ஊர்க் கிணற்றுக்காகப் பஞ்சாயத்து எங்கள் வீட்டில் வைத்திருந்த பிளீச்சிங் பவுடரை, மந்தை கிளம்பிய மறுநாள் மத்தியானம், குண்டான் குண்டானாக அள்ளிப்போய்க் கிழக்கு மூலையில் கொட்டினேன். கை எரிந்ததால்தான் மற்ற மூலைகள் தப்பின.

ஆடியில் மழை பெய்து விதைத்தோம். ஒரே மாதத்தில் கொல்லை பச்சை, கிழக்கு மூலை மட்டும் மஞ்சள். அந்த வழியாகப் போன மந்தைக்காரரை அம்மா வரப்புக்கு இழுத்து வந்தாள்.

"உன் ஆட்டு மூத்திரம் எரிச்சிக்கீது பாரு!"

"நான் மூணு நாளுன்னுதானேக்கா சொன்னேன்?"

"சொன்ன. அப்புறம் இன்னாத்துக்கு அஞ்சு நாள் அடைச்ச? இனிமே உன் மந்தை இந்தக் கொல்லையில கால் வைக்கக் கூடாது."

பத்து வருடமாக வந்துகொண்டிருந்தவரின் முகம் சுண்டிவிட்டது. குனிந்து பச்சையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என இரண்டு செடிகளைப் பிடுங்கினார். "எல்லா மூலையிலயும் அஞ்சு நாளுதான் அடைச்சேன். இங்க மட்டும் வேற இன்னாமோ நடந்துக்கீதுக்கா" என்று அவற்றை என் கையில் கொடுத்தார். பச்சைச் செடியின் வேரெல்லாம் சின்னச் சின்ன முடிச்சுகள். மஞ்சள் செடியின் வேரில் ஒன்றுகூட இல்லை.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேர்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். பயந்து அல்ல, பெருமையில். அந்த முடிச்சுகள் கிருமிகள் கிளப்பிய கட்டிகள் என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டேன். என் மூலையில் நோயே இல்லை! செடி வெளிறியிருந்தால் என்ன, குணமாகிற நோயாளி அப்படித்தானே இருப்பார்?

அவர் மந்தையை ஓட்டிக்கொண்டு போனார். அடுத்த கோடையில் பக்கத்துக் கொல்லையில் அடைத்தார், எங்கள் பக்கம் திரும்பவில்லை. அம்மா கடையில் உரமூட்டை வாங்கத் தொடங்கினாள்.

அந்த முடிச்சுகள் பாக்டீரியாக்களின் வீடுகள் என்பதும், காற்றிலிருந்து சத்தெடுத்துச் செடிக்கு ஊட்டுபவை அவைதான் என்பதும் கல்லூரியில்தான் எனக்குத் தெரியவந்தன. வெயிலும் குளம்புகளும் வாட்டியது போக மண்ணில் மிச்சமிருந்த உயிரை நான் தீர்த்துக்கட்டியிருக்கிறேன். அதைக் காப்பாற்றத் தெரிந்திருந்த ஒரே மனிதரிடம் அன்று நான் பேசியது ஒரு வாக்கியம்தான்:

"சோப்பு போட்டுக் கை கழுவிக்கினு போ மாமா."