அண்ணன் சொல்லுவார்

கிளிப்பு என்று அவளுக்குப் பெயர் வைத்தது நான்தான். வெள்ளரிக் கொடியை மேலே போகும் நூலோடு சேர்த்துப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் கிளிப் உண்டு. அது அவளுடைய ஏப்ரன் பையில் இருக்கும், சட்டைப் பையில் இருக்கும், கொண்டையில் இருக்கும். அவசரத்தில் வாயிலும் இருக்கும். நாங்கள் சேர்ந்து தங்கும் அறைக்கு வந்து உடை மாற்றினால் தரையில் நாலு உதிரும். அது என் காலில் குத்தும், நான் வீடே அதிரக் கத்துவேன். அப்படிக் கத்திக் கத்தி வைத்த பெயர் நாங்கள் வேலை செய்யும் கிரீன்ஹவுஸ் முழுக்கப் பரவிவிட்டது. சூப்பர்வைசர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

எனக்கு வாய் நீளம். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அவளுக்கு இரண்டும் கிடையாது. வரிசைகளுக்கு நடுவே தரையில் போட்ட குழாய்கள்மேல் ஓடும் தள்ளுவண்டியில் ஏறி நின்று, ஒவ்வொரு கொடியாக ஒரு சாண் இறக்கி, பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டு, கோணல் காயை ஒதுக்கி, புதுத் தளிருக்குக் கிளிப் போட வேண்டும். கண்ணாடிக் கூரைக்குக் கீழே அந்தப் புழுக்கத்தில் நான் ஒரு வரிசை முடிப்பதற்குள் அவள் ஒன்றரை முடித்துவிட்டு, என் வரிசையின் மறுகோடியிலிருந்து எனக்காக வேலை செய்துகொண்டு வருவாள். கேட்டால் சிரிப்பாள். அப்படிப்பட்டவளுக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

நாங்கள் இருவருமே இரண்டு வருட வேலை பர்மிட்டில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள். அந்தப் பர்மிட் அந்த ஒரு முதலாளிக்கு மட்டும்தான் செல்லும். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நான் வீட்டுக் கஷ்டத்துக்காக வந்தவள். அவள் உயிருக்குப் பயந்து வந்தவள் என்பது எனக்குத் தெரியவே ஒரு வருடம் ஆயிற்று.

அவள் புருஷன் லாரி டிரைவர். குவாரி காண்ட்ராக்டரோடு ஏதோ தகராறு. ஒரு நாள் மத்தியானம் இவள் சாப்பாட்டுத் தூக்கோடு லாரி ஷெட்டுக்குப் போயிருக்கிறாள். கேட்டுக்கு வெளியே நிற்கும்போதே காண்ட்ராக்டரின் ஆட்கள் அவனை இரும்புக் கம்பியால் அடிப்பதைப் பார்த்துவிட்டாள். அவன் அங்கேயே போய்ச் சேர்ந்தான். இவள் நேராக ஸ்டேஷனுக்குப் போய், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். மறுநாளிலிருந்து வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்க ஆரம்பித்தன.

அப்போது காப்பாற்றியது அவள் அண்ணன். தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொண்டு, எங்கெங்கோ அலைந்து, ஒரு ஏஜெண்ட் மூலம் இந்த வேலைக்குப் பர்மிட் வாங்கி விமானம் ஏற்றிவிட்டார். "ரெண்டு வருஷம் கண்காணாம இரும்மா. எல்லாம் ஆறிடும்" என்றாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் கண் கலங்கும்.

"அண்ணா மட்டும் இல்லேன்னா நான் இன்னிக்கு உயிரோட இல்ல அக்கா."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வரும். "இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். ஒரு பிரச்சனையும் இல்ல. நீ உடம்பப் பாத்துக்க." எங்கள் எல்லோருக்கும் வருவது இதுதான். வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம் கெட்ட செய்தியைச் சொல்லக் கூடாது என்று எல்லா வீட்டிலும் ஒரு சட்டம். என் அப்பா இறந்ததையே எனக்கு நாலு நாள் கழித்து, அதுவும் முதலில் லேசான காய்ச்சல் என்று ஆரம்பித்துத்தான் சொன்னார்கள். அதனால் கிளிப்பு அந்த மெசேஜை நம்பவும் இல்லை, சந்தேகப்படவும் இல்லை. ஊரில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மட்டும் எப்போதாவது ரகசியமாகப் போனில் பேசுவாள். "அந்த ஆளுங்க இன்னும் வர்றாங்கடி. எப்ப வருவான்னு கேக்குறாங்க. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் மூச்சு விட்டுடாத."

இரண்டு வருடம் முடிய நாலு மாதம் இருக்கும்போது முதலாளி எல்லோரையும் பேக்கிங் ஷெட்டில் கூட்டினார். அடுத்த வருடம் பாதி இடத்தில் இயந்திரம் வருகிறது, ஆட்களில் பாதிப் பேர் போதும் என்றார். வேலையில் வைத்துக்கொள்பவர்களின் பெயர் வாசித்தார்கள். என் பெயர் இருந்தது. ஆமை மாதிரி வேலை செய்கிற என் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை! பாதி அவள் செய்த வேலைதான் என் கணக்கில் ஏறியிருக்கிறது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

திரும்பிப் போனால் உயிர் மிஞ்சாது. அதனால்தான் வக்கீலம்மாவிடம் போனோம். கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு மேலே சின்ன ஆபீஸ். நம் மொழி பேசுகிறவர். எல்லாம் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"வந்த உடனே ஏன் அகதிக் கோரிக்கை போடல?"

"பர்மிட் இருந்துச்சு மேடம். அதெல்லாம் எழுதிக் குடுத்தா குடும்ப மானம் போயிடும், வேண்டாம்னு அண்ணா சொன்னாரு."

"பயந்து வந்தவங்க ரெண்டு வருஷம் வாயே திறக்கலேன்னா, பர்மிட் முடிஞ்சதும் கதை கட்டுறாங்கன்னுதான் அதிகாரி நினைப்பாங்க. தற்காலிகமா வந்தவங்களுக்கு இதுல நிறைய கேஸ் தோத்திருக்கு. ஊர்லேர்ந்து யாராவது சாட்சி சொல்லணும்."

"அண்ணன் சொல்லுவார்" என்றாள் கிளிப்பு, ஒரு நொடி யோசிக்காமல்.

தையல்காரம்மா சம்மதித்தால் நல்லது என்றார் வக்கீலம்மா. போனில் கேட்டதற்குத் தையல்காரம்மா பயந்து மறுத்துவிட்டாள். முன்கூட்டியே அண்ணனிடம் எழுதி வாங்காமல் விசாரணையில் நேராகப் போனில் பேச வைப்பது ஆபத்து என்றும் வக்கீலம்மா சொன்னார். அங்கேதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது.

"கூடப் பொறந்தவரு மேடம்! உயிரக் குடுத்து வெளிய அனுப்பினவரு. அவர் சொல்லாம வேற யார் சொல்லுவா? எழுதிக் கேட்டா தங்கச்சிக்கே நம்ம மேல நம்பிக்கை இல்லையான்னு அவர் மனசு நோகாதா?"

அண்ணனும் போனில் உருகினார். "கேட்டா சொல்றேம்மா. எனக்குத் தெரியாததா?" படிவத்தில் சாட்சி என்ற இடத்தில் அவர் நம்பரை அவளே எழுதினாள்.

விசாரணை அறை சின்னது. சாம்பல் கம்பளம், தண்ணீர் ஜக், ஒரு டிஷ்யூ பெட்டி, மேஜை நடுவில் ஸ்பீக்கர் போன். அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு அம்மா, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். துணைக்கு ஒருவர் உட்காரலாம் என்றதால் நான் சுவரோரம் உட்கார்ந்தேன். கிளிப்பு தடுமாறாமல் சொன்னாள். கேட்டுக்கு வெளியே எங்கே நின்றாள், எத்தனை பேர், தூக்கு எப்படிக் கையிலிருந்து விழுந்தது, எல்லாம் சொன்னாள். அதிகாரியின் முகம் கொஞ்சம் இளகியது. பிறகு போன் போட்டார்கள்.

உங்கள் தங்கை திரும்பி வந்தால் ஆபத்து உண்டா என்று முதல் கேள்வி.

"இல்லீங்க மேடம். இங்க ஒரு பிரச்சனையும் இல்லீங்க."

பழக்கதோஷத்தில் ஞாயிற்றுக்கிழமை வசனத்தைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வக்கீலம்மாவுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். "அண்ணா, நீங்க இப்ப தங்கச்சிக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லுங்க" என்றார்.

"நடந்ததைத்தாங்க சொல்றேன். மாப்பிள்ளை லாரி மேலேர்ந்து தவறி விழுந்து செத்தாரு. ஸ்டேஷன்ல நானே அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

எப்போது என்று அதிகாரி கேட்டார்.

"அவ பிளைட் ஏறின மறுநாள்."

"உங்க தங்கை நேர்ல பார்த்ததா சொல்றாங்களே?"

"அவ அன்னிக்கு அங்க போகவே இல்லீங்க. புருஷன் போன துக்கத்துல புத்தி கொஞ்சம் பேதலிச்சுப் போச்சு. அதனாலதான் வேற ஊர்ல இருக்கட்டும்னு அனுப்பி வெச்சோம்."

மொழிபெயர்ப்பாளர் ஏற்ற இறக்கம் இல்லாமல் அதை அந்த ஊர் மொழியில் திரும்பச் சொன்னார். அதுவும் அவளுக்குப் பாதி புரியும். ஆக இரண்டு தடவை கேட்டாள். எழுந்து நின்று, போனைப் பார்த்து, "அண்ணா" என்றாள். அவ்வளவுதான். பிறகு லைன் துண்டாகிவிட்டது. அந்த நம்பரை எழுது எழுது என்று குதித்தவள் நானல்லவா!

பஸ் ஸ்டாப்பில் மூன்று பஸ்களை விட்டோம். நாலாவது வருவதற்குள் அவள் வாயைத் திறந்தாள்.

"அக்கா, உங்களுக்குப் பர்மிட் வர எத்தனை மாசம் ஆச்சு?"

"எட்டு மாசம்."

"எனக்குப் பதினஞ்சு நாள். எப்படின்னு நான் ஒரு நாளும் கேக்கல. அண்ணா எனக்காக ராத்திரி பகலா அலையுறாருன்னு நெனச்சேன். அந்த ஏஜெண்டை அண்ணாவுக்குக் காட்டினது யாருன்னு இப்பதான் யோசிக்கிறேன். பார்த்த சாட்சி ஊர்ல இருக்கக் கூடாது. அதுக்குத்தான் என்னை அனுப்பியிருக்காங்க. நான் அவர் கால்ல விழுந்து கும்பிட்டுட்டு வந்தேன் அக்கா."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அறுத்த கையையே இரண்டு வருடம் கும்பிட வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

மூன்று வாரத்தில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. தாமதத்துக்குக் காரணம் போதாது, குடும்பமே ஆபத்தில்லை என்கிறது, பார்த்தேன் என்பதை நம்ப முடியவில்லை: ஆறு பக்கத்தில் சாரம் இவ்வளவுதான். மேல்முறையீட்டுக்குப் பதினைந்து நாள் தந்தார்கள். அதற்கும் ஒரு நிபந்தனை: தீர்ப்புக்குப் பிறகு கிடைத்த புது ஆதாரத்தைத்தான் வைக்கலாம். அது எங்களிடம் ஏது?

கிளிப்பு பேசாமல் வேலைக்குப் போனாள், கொடி இறக்கினாள், வந்து படுத்தாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காவிட்டால் போகிறது என்று, அவள் குளிக்கப் போன நேரத்தில் நான் அவர் நம்பரை அழுத்தி, வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். "உங்க தங்கச்சியத் திருப்பி அனுப்பப் போறாங்க. சந்தோஷமா? அவ ரத்தத்துல குளிச்சிட்டு நல்லா இருங்க!" அந்த ஆள் மறுபேச்சு பேசாமல் கேட்டுக்கொண்டார். எனக்கு அப்போது மனசு ஆறியது. யோசித்துப் பார்த்தால், அவள் வரப்போகிறாள் என்ற சேதியை என் கைக்காசு போட்டு நானே அனுப்பியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலையில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. இருவரும் சேர்ந்து கேட்டோம்.

"குட்டிம்மா... அண்ணன் பேசுறேன். கோபமா இருப்ப. நேர்ல வா, எல்லாம் சொல்றேன். எந்தத் தேதி, எந்த பிளைட்டுன்னு மட்டும் அனுப்பு. வேற யாருக்கும் சொல்லாத. அண்ணனே ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."

கல்லும் கரையும் குரல். நான் ஏமாளி, அப்படியே நம்பினேன். "பாத்தியாடி, ரத்தம் துடிச்சிடுச்சு. மனசு மாறிட்டாரு" என்றேன்.

அவள் மெசேஜை மறுபடி ஓட விட்டு, போனை என் காதோடு வைத்து அழுத்தினாள். 'எந்த பிளைட்டு' என்பதற்குச் சற்று முன்னால், தூரத்தில் இன்னொரு ஆம்பிளைக் குரல்: "பிளைட்டையும் கேளு."

"யாருடி அது?" என்றேன்.

"அவனுங்கள்ல ஒருத்தன்" என்றாள். "குரல் தெரியும். வாசல்ல வந்து கத்துவான்." போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அண்ணா என்னைக் குட்டிம்மான்னு கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா அக்கா? கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு தடவைகூட இல்ல. எப்படியாவது ஒரு தடவை கூப்பிட மாட்டாரான்னு நான் ஏங்கியிருக்கேன்." விசாரணையில் அழாதவள், பஸ் ஸ்டாப்பில் அழாதவள், அப்போது வாய்விட்டு அழுதாள்.

வக்கீலம்மா அதை நாலு தடவை கேட்டார். "இது தீர்ப்புக்குப் பிறகு வந்தது. நமக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: "ஆனா இதை வச்சா, உங்க அண்ணாவும் அவங்களோட சேர்ந்துட்டார்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடணும். சம்மதமா?"

கிளிப்பு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அந்த நம்பரை பிளாக் பண்ணிவிடட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

"பண்ணாதீங்க. பதிலும் போடாதீங்க. வர்ற ஒவ்வொரு மெசேஜும் நமக்கு ஆதாரம். கேட்டுட்டு எனக்கு அனுப்பிடுங்க."

மேல்முறையீடு இன்னும் நடக்கிறது. பர்மிட் போய்விட்டதால் அவள் கிரீன்ஹவுஸுக்கு வருவதில்லை. காலையில் நான் பூட்ஸ் மாட்டும் நேரத்தில்தான் பெரும்பாலும் அண்ணனின் மெசேஜ் சத்தம் வரும். நான் திட்டுவேன். அவள் போனைக் காதில் வைத்து, கடைசி வரை கேட்பாள். குட்டிம்மா, சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, எப்பம்மா வர்ற என்று அண்ணன் கேட்பார். கேட்டு முடித்ததும், முகத்தைத் துடைத்துக்கொண்டு, வக்கீலம்மாவுக்கு அனுப்பி வைப்பாள்.